பக்கத்தில் நின்றவர் தந்த பாடம்

செவிலியர் பள்ளியிலே நாம் பயின்ற ஏடுகள் பல. எலும்பின் பெயரும் மருந்தின் அளவும் அவை தந்தன. தேர்வெழுதினோம், தேறினோம், சான்றிதழும் பெற்றோம். ஆயினும், நீர்வற்றித் துவண்ட முதியவரின் கரத்திலே ஊசி ஏற்ற நரம்பைக் கண்டறியும் கலையை எந்த ஏடும் நமக்குக் கற்பிக்கவில்லை. கற்பித்தவர், பக்கத்திலே நின்ற மூத்த செவிலியர். "கையைச் சற்றே கீழே தொங்கவிடச் சொல்லம்மா. கண்ணால் தேடாதே, விரலால் தேடு. அழுத்தினால் மெத்தென்று மீண்டெழுகிறதே, அதுதான்" என்றார். சில சொற்கள்தாம், பல்லாண்டு உழைப்பின் சாறு அது!

மற்றொரு நாள், படுக்கை விரிப்பு மாற்றும் ஆயா ஓடிவந்தார். "ஏழாம் படுக்கைப் பெரியவர் பேச்சு தடுமாறுகிறது, வேர்த்துக் கொட்டுகிறது" என்றார். சோதித்தோம், குருதியிலே சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினோம்; பெரியவர் பிழைத்தார். ஆனால், கூடத்திலே எழுந்த பேச்சென்ன? "ஆயா சொல்லியா நாம் அறியவேண்டும்!" என்பது. உயிர் பிழைத்ததைவிட, உயர்வு தாழ்வு பிழைக்கவேண்டுமென்ற கவலை சிலருக்கு!

தோழர்களே! இந்தச் செருக்கு கேட்ட விலையை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. வியன்னா பொது மருத்துவமனையிலே இரண்டு மகப்பேற்றுக் கூடங்கள் இருந்தன. ஒன்றிலே மருத்துவரும் மாணவரும், மற்றொன்றிலே மருத்துவச்சிகள். 1846ஆம் ஆண்டு, முன்னதில் நூற்றுக்கு 11 தாய்மார்க்கு மேல் மாண்டனர். பின்னதில் 3 பேருக்கும் குறைவு! பட்டம் பெற்றோர், பிணம் அறுத்த கையோடு பேறுகாலம் பார்த்தனர். மருத்துவச்சிகள் பிணம் அறுக்கவில்லை. சவ ஆய்வின்போது கத்தி பட்டு இறந்த நண்பர் கொலெட்ச்காவின் சாவிலே இவ்வுண்மையைக் கண்டார் செம்மல்வைஸ். 1847 மே திங்கள் முதல் குளோரின் சுண்ணாம்பு நீரிலே கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, சூலையில் 1 என்ற அளவுக்கு இறங்கிற்று. இருந்தும், உடன்பணியாற்றியோர் பலர் ஏற்கவில்லை. 1849இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை.

பாடம் கற்ற இடமும் உண்டு. 2001இல் அமெரிக்காவின் ஜான்சு ஹாப்கின்சு மருத்துவமனையிலே, பெருநரம்பில் குழாய் செருகுவதற்கு ஐந்தே படிகள் கொண்ட பட்டியலை வகுத்தார் மருத்துவர் புரோனோவோசுட்டு. ஒரு படி தவறினாலும் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் உரிமையைச் செவிலியருக்கு அளித்தனர். அக்கூடத்திலே குழாய்வழித் தொற்று ஏறத்தாழ அற்றுப்போயிற்று. பட்டியல் மட்டுமா காத்தது? வாய்ப்பூட்டு அகன்றது, அதுவும் காத்தது!

கற்பது இழிவன்று; யாரிடம் கற்பது என்று தரம் பார்ப்பதே இழிவு. மருத்துவப் பணிக்கு வரும் இளைஞர்களே, மூத்தவரிடம் கேளுங்கள். இளையவர் சொன்னாலும் கேளுங்கள். துடைப்பம் ஏந்தியவர் சொன்னாலும் நின்று கேளுங்கள். படுக்கையிலே கிடப்பவர் நம் பதவியை நம்பி வரவில்லை. நம் அறிவை நம்பி வந்திருக்கிறார். அந்த அறிவு நம் ஒருவருடையதன்று. கூடம் முழுவதன் உடைமை!