கொல்லிப்பாவையும் ஒரு 'அதனால'வும்

ஆபீஸ் கிளம்புற அவசரத்தில் போனை எடுத்தால் அப்பாவிடமிருந்து ஒரு ஃபார்வர்ட். 'கொல்லிமலையில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோபோ! தமிழனாக இருந்தால் பகிரவும்!' வழக்கமா இந்த மாதிரி ஐட்டங்களைத் திறக்காமலே தாண்டிவிடுவேன். அன்னிக்கு என்னவோ திறந்துட்டேன். ரெண்டாவது பத்தியில் 'அதிர்வென்' என்று இருந்தது. மூணு சுழி வரவேண்டிய இடத்தில் ரெண்டு சுழி. தூக்கிவாரிப் போட்டது.

அந்தத் தப்பு என்னோட தப்பு, மக்களே. அது நான் எழுதின கதை!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அம்மா சேர்த்து வச்சிருந்த இந்திரா சௌந்தர்ராஜன் நாவல்களைப் படிச்சு வளர்ந்தவன் நான். 'மர்ம தேசம்' தொடரை எல்லாம் ரொம்பப் பிற்பாடு இணையத்தில்தான் பார்த்தேன். ஒரு பழைய கோயில், ஒரு ஓலைச்சுவடி, ஒரு சித்தர், நம்பாத ஒரு டாக்டர். போதும், ராத்திரி தூக்கம் போச்சு. அப்புறம் காலேஜில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கையில் கிடைச்சது. பேயா, ஹோலோகிராமா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்வதைப் படிச்சதும், எழுதினா இப்படித்தான் எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன்.

சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கண்ணெதிரே கொல்லிமலை. அசுரர்களைத் தடுக்க அங்கே ஒரு பாவையை நிறுத்தி வச்சாங்க, அது சிரிச்சே ஆளைக் கொல்லும்னு பாட்டி சொன்ன கதை. இதுக்கு மேல ஹீரோயின் வேணுமா?

அறிவியலுக்கு விக் டேண்டி மாட்டினார். இங்கிலாந்தில் இவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. அவருக்கும் ஒருநாள் உடம்பு சில்லிட்டு, கண்ணோரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், ஒரு மின்விசிறி கிளப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு. நம்ம காது கேட்கும் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ். அதாவது காதுக்குக் கேட்காத சத்தம். 1998-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். பின்னாடி நடந்த சோதனைகள் அதை உறுதியா நிரூபிச்சிடலை. அதை நான் கதையில் சொல்லலை. சொன்னா கதை படுத்துடுமே!

ஆக, ஆகாய கங்கை அருவியின் விசையில் இயங்கும் ஒரு பொறி, கேட்காத சத்தத்தில் சிரிக்குது, எதிரி பயத்தில் சாகிறான். இதுதான் என் கதை. சீவக சிந்தாமணியில் விசயை தப்பிப் போகிற மயிற்பொறியை இதுக்கு 'ஆதாரமா' சேர்த்துக்கிட்டேன். வலப்பக்கம் திருகினால் மேலே ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். திருத்தக்கதேவர் நமக்கெல்லாம் சீனியர், சந்தேகமே இல்லை.

நண்பர்கள் குழுவில் போட்டேன். யாரோ என் பேரையும் 'கதை' என்ற வார்த்தையையும் வெட்டிட்டாங்க. அது ஊரெல்லாம் சுத்தி அப்பாகிட்ட வந்து, அப்பாவிடமிருந்து எனக்கே வந்திருக்கு.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒண்ணு உண்டு. அப்பா ரிட்டயர்டு அறிவியல் வாத்தியார். தன்கிட்ட படிச்ச பசங்க இருக்கிற குழுவுக்கும் அதை அனுப்பியிருந்தார்.

போனில் சொல்ல தைரியம் வரலை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், "கொல்லிமலை போலாமாப்பா?" என்றேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சொல்லிடலாம்னு நினைச்சு எழுபதையும் தாண்டியாச்சு. கொல்லிப்பாவை என்று மக்கள் கும்பிடுகிற எட்டுக்கை அம்மன் கோயிலில் அப்பா ரொம்ப நேரம் நின்னார். வாசலில் அன்னாசி வித்த ஒரு பாட்டியிடம், "ஏம்மா, இந்த அம்மன் சிரிக்குமாமே?" என்று கேட்டார். "சிரிச்சா என்ன சாமி, நல்லதுதானே. பழம் வேணுமா?" என்றது பாட்டி.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல். அப்பாவுக்கு முட்டி வலி. மேலேயே உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம் பேப்பர் திருத்துகிற குரலில் ஆரம்பிச்சார்.

"அந்த இங்கிலாந்துக்காரன்?"

"நிஜம்ப்பா."

"பத்தொன்பது ஹெர்ட்ஸ்?"

"அவர் எழுதினது நிஜம்."

"பாவை?"

"நற்றிணையில பரணர் பாடியிருக்கார். காத்து, மழை, இடி, நில நடுக்கம் எதுக்கும் அழகு குலையாத பாவைன்னு. தலைவனோட நெஞ்சை விட்டுத் தலைவி நீங்காததுக்கு அதைச் சொல்றார். அந்தப் பாட்டுல அது யாரையும் கொல்லலை."

"மயிற்பொறி?"

"காப்பியத்துல இருக்கு."

"அப்போ எதுடா பொய்?"

யோசிச்சேன். "நடுவுல நான் போட்ட 'அதனால'தான்ப்பா பொய்."

உண்மைகளை வரிசையா அடுக்கி, நடுநடுவே ஒரு 'அதனால'வைச் சொருகுறதுதான் எங்க தொழில். கதையா படிக்கிறவனுக்கு அது இனிக்கும். கதைன்னு தெரியாதவனுக்கு அதே வார்த்தை அல்வா. பரணருக்கு அந்த 'அதனால' தேவைப்படலை. அவர் பாட்டில் வர்ற பலாவும் அருவியும் இன்னிக்கும் மலையில் இருக்கு. அது அவருக்குப் போதுமா இருந்திருக்கு.

"உன் கதைன்னு தெரிஞ்சிருந்தா ரசிச்சுப் படிச்சிருப்பேன்டா" என்றார் அப்பா. திட்டியிருந்தாகூடத் தேவலை.

அன்னிக்கு ராத்திரியே அத்தனை குழுவிலும் அவர் கைப்பட அடிச்சுப் போட்டார்: 'முன்பு அனுப்பியது அறிவியல் செய்தி அல்ல. என் மகன் எழுதிய கற்பனைக் கதை. சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு.' நாப்பது பேருக்கு ஃபார்வர்ட் ஆன கதைக்கு விளம்பரம் நிறைய. மறுப்பை யாரும் கண்டுக்கலை. ஒரே ஒரு பழைய மாணவர் மட்டும் பதில் போட்டிருந்தார்.

'ஐயா, அடுத்த அத்தியாயம் எப்போ?'

எழுதிட்டு இருக்கேன். இந்த முறை முதல் வரியிலேயே 'கதை'ன்னு இருக்கும். வெட்டுறவன் வெட்டட்டும்னு நடுவிலும் ரெண்டு இடத்தில் போட்டிருக்கேன்.

டிஸ்கி: அனுப்புறதுக்கு முன்னாடி அப்பா ஒருமுறை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கார். மூணு சுழி 'ண்' எல்லாம் இனி அவர் பொறுப்பு :-)