மிச்ச மாத்திரைகள்

"மருந்தை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் மருந்தகக் கவுண்டரில் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன்: "வீட்ல எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு, பாட்டி?" இதற்குத்தான் உண்மையான பதில் வரும். ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் பாதி மிச்சம் என்றால், எங்கள் பேச்சு அங்கே தொடங்கும்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. எங்கள் ஜார்ஜ்டவுனில் அதற்கு மருந்து கிடைப்பது சிரமமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளிக்கு டாக்டரையும் பார்த்து மருந்தையும் வாங்கிவிடலாம். சிக்கல் வீட்டுக்குப் போன பிறகுதான்.

மருந்தை நிறுத்தியவர்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அது மாத்திரையின் வேலை என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் சிரப் குடிப்பார்கள். நீர் மாத்திரை அடிக்கடி கழிப்பறைக்கு அனுப்பும் என்பதால், பஸ்ஸில் கோயிலுக்குப் போகும் நாளில் அதை ஒதுக்கிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. டாக்டர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், பெரிண்டோபிரிலுக்குப் பதில் லோசார்ட்டான் கொடுக்கலாம். சொன்னால்தானே செய்ய முடியும்! என்னை மிகவும் பயமுறுத்துவது அட்டெனலால், பைசோபிரலால் வகையைத் திடீரென நிறுத்துவது. இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். "பிரஷர்தான் இறங்கிடுச்சே" என்பவரிடம் சொல்வேன்: "இறக்கி வச்சிருக்கிறதே அந்த மாத்திரைதான், ஐயா."

மருந்துப் பையை முழுசாகக் கொண்டுவரச் சொல்வதும் என் வழக்கம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பெட்டி அம்லோடிபின், தனியார் கிளினிக்கில் அதே மருந்து வேறு பெயரில். இரண்டையும் போட்டுக்கொண்டு தலைசுற்றலோடு வந்தவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு வாங்கிய டைக்குளோஃபெனாக், பொன்ஸ்தான் இருக்கும். இவை அழுத்தத்தை ஏற்றும். பெரிண்டோபிரில், நீர் மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இரவுச் சந்தை ஜாமு கண்ணில் பட்டால் பெட்டியில் எம்ஏஎல் பதிவு எண்ணைத் தேடுவேன். டெக்ஸாமெத்தசோன் ரகசியமாகக் கலந்த பொருள்கள் இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. வலி பறந்துவிடும், அழுத்தம் ஏறும்.

தைப்பூசம் வந்தால் என் கவலை கூடிவிடும். பக்தர்கள் விரதத்தோடு, வெயிலில் நடந்து, தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறுகிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரையும் பெரிண்டோபிரிலும் அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கி மயக்கத்தில் தள்ளலாம். பக்தியைக் குறைத்துக்கொள்ளும்படி யாரிடமும் நான் சொல்வதில்லை. விரதம் தொடங்கும் முன்பே டாக்டரையோ எங்களையோ கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். நோன்பு வைக்கும் நம் தமிழ் முஸ்லிம்களுக்கும் இதேதான். மருந்து வேளையைப் பெரும்பாலும் ஸஹருக்கோ நோன்பு திறக்கும் நேரத்துக்கோ மாற்றித் தர முடியும். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் உடனே கேளுங்கள். மறந்துபோன மாத்திரைக்காக அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவருக்கு உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், பல வருடமாகச் சாப்பிட்ட மருந்தானாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் 999-ஐ அழையுங்கள்.