நாளைக்கு நல்லா எழுதிக்கலாம்!

கல்லூரி விடுதியில் ஒரு இரவு. மணி பதினொன்று. பி.காம் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் செமினார் கட்டுரையின் முதல் பக்கத்தை ஆறாவது தடவையாக அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். குறிப்புகள் எல்லாம் கையில் இருக்கின்றன. தேவைக்கு அதிகமாகவே படித்திருக்கிறான். ஆனால் முதல் வரி மனசுக்குப் பிடிக்கவில்லை. "சரி, நாளைக்கு நல்லா எழுதிக்கலாம்" என்று மூடி வைத்துவிட்டுப் படுக்கிறான். கடைசி நாளில் பக்கத்து அறைக்காரன் சுமாரான ஒன்றை எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறான். இவனுடையது மட்டும் இன்னும் முதல் பக்கத்திலேயே நிற்கிறது...

இவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சோம்பேறிக்கு வேலையைப் பற்றிய கவலையே இருக்காது. இவனுக்கோ கவலை மட்டும்தான் இருக்கிறது! 'குறையில்லாமல் வர வேண்டும்' என்ற ஆசை, 'குறையோடு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயமாக எப்போதோ மாறிவிட்டது. அது அவனுக்கே தெரியாது.

இது பெரிய மனிதர்களையும் விட்டுவைக்காத விஷயம். சார்லஸ் டார்வினை எடுத்துக்கொள்ளுங்கள். பீகிள் கப்பலில் ஐந்து வருடம் சுற்றிவிட்டு 1836-ல் இங்கிலாந்து திரும்பினார். 1838-லேயே இயற்கைத் தேர்வு என்ற கருத்து அவருக்குப் பிடிபட்டுவிட்டது. 1842-ல் பென்சிலில் ஒரு சுருக்கம் எழுதினார். 1844-ல் அதையே விரிவான கட்டுரையாக்கினார். தான் திடீரென்று இறந்துபோனால் அதை வெளியிட 400 பவுண்டு ஒதுக்கும்படி மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தார். ஆனால் தான் உயிரோடு இருக்கும்போது வெளியிடவில்லை!

அதற்குப் பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? 1846-லிருந்து எட்டு வருடம் கொட்டலசுகளை ஆராய்ந்தார். பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சிறு உயிரினங்கள்தான். அந்த ஆராய்ச்சி வீண் இல்லை, அதில் அவர் நிறையக் கற்றுக்கொண்டார். டார்வின் தாமதித்தது பயத்தாலா, வேலை அதிகம் என்பதாலா, ஆதாரம் போதாது என்று நினைத்ததாலா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இருபது வருடம் ஓடிப்போனது.

1858 ஜூன் மாதம் அவருக்கு ஒரு தபால் வந்தது. இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தெர்னாத்தே தீவிலிருந்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பியது. வாலஸ் பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை விட்டவர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்துப் பாடம் செய்து விற்றுப் பிழைத்தவர். காய்ச்சலில் படுத்திருந்தபோது தோன்றிய யோசனையைச் சில நாட்களிலேயே எழுதி அனுப்பிவிட்டார். டார்வின் இருபது வருடமாகப் பூட்டி வைத்திருந்த அதே கருத்து!

இருவருடைய கட்டுரைகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. இரண்டு பேருமே அங்கே இல்லை. வாலஸ் கடல் தாண்டி இருந்தார். டார்வின் சில நாட்களுக்கு முன்புதான் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். அதன் பிறகு, பாதியில் நின்ற தன் பெரிய நூலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு 'சுருக்கத்தை' எழுத உட்கார்ந்தார். அந்தச் சுருக்கம்தான் 1859 நவம்பரில் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்'.

அந்தப் புத்தகம் குறையில்லாததா? இல்லை. பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் போகின்றன என்ற கேள்விக்கு அவரிடம் சரியான விடை இல்லை. 1872 வரை ஆறு பதிப்புகள் வந்தன, திருத்திக்கொண்டே இருந்தார். வெளியிட்ட பிறகு மற்றவர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பல இடங்களை மாற்றினார். மேசை அறைக்குள் இருந்த காகிதத்திடம் யார் கேள்வி கேட்பார்கள்?

இதற்கு நேர் எதிரான ஒரு ஆள் நம் ஊரிலேயே உண்டு. சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர். வருடச் சம்பளம் சுமார் 20 பவுண்டு. பட்டம் இல்லை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதிய சீனிவாச ராமானுஜன்தான் அவர். அதற்கு முன் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. அனுப்பிய தேற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிரூபணமும் இல்லை. பகா எண்களைப் பற்றி எழுதியதில் தவறுகளும் இருந்தன. 'முதலில் பட்டம், பிறகு நிரூபணம், அப்புறம் கடிதம்' என்று அவர் காத்திருந்தால்? 1914-ல் கப்பல் ஏறியிருக்க மாட்டார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் ஆகியிருக்க மாட்டார்.

நம்ம காமர்ஸ் பாடத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. இருப்பாய்வில் வரவுப் பக்கம் 900 ரூபாய் குறைகிறது. எவ்வளவு தேடியும் பிழை கிடைக்கவில்லை. கணக்கர் என்ன செய்வார்? பேனாவை வைத்துவிட்டு அழமாட்டார் :-) அந்த 900 ரூபாயை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, இறுதிக் கணக்குகளை நோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். 5,400 என்பதைப் பேரேட்டில் 4,500 என்று யாரோ எழுதியது பிறகு தெரியவரும். ஒரு திருத்தப் பதிவு போட்டால் போதும், அனாமத்துக் கணக்கு மூடிவிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிழை இருப்பதை யாரும் மறைக்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதே சமயம் அதை அப்படியே விட்டுவிடவும் இல்லை, தேடிக் கண்டுபிடித்துத் திருத்தியே ஆக வேண்டும். ஆக, 'எப்படியாவது முடித்தால் சரி' என்பது வேறு, 'குறையோடு ஆரம்பித்துத் திருத்திக்கொள்வது' வேறு. தணிக்கையாளர் கையெழுத்துப் போடும் நாளில் சரியாக இருக்க வேண்டும்தான். அதற்காக முதல் பதிவு எழுதும் நாளிலேயே எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்றால் எந்தக் கடையிலும் கணக்கே இருக்காது.

அந்த விடுதி மாணவனுக்கு வருவோம். முதல் வரி பிடிக்கவில்லையா? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவது வரியிலிருந்து எழுதட்டும். சரியாகத் தெரியாத இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடட்டும். அதுதான் அவனுடைய அனாமத்துக் கணக்கு. நாலு பக்கம் ஆனதும் பக்கத்து அறைக்காரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அவன் சிரித்தாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் சிரித்தான் என்று குறித்துக்கொண்டால் திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

தயார் ஆன பிறகு தொடங்கலாம் என்று எல்லோருமே நினைக்கிறோம். தொடங்கிய பிறகுதான் பலரும் தயார் ஆகியிருக்கிறார்கள். உங்கள் மேசை அறையிலும் ஏதாவது தூங்கிக்கொண்டு இருக்கிறதா, நண்பர்களே? நாளைக்கு வேண்டாம். இன்று ராத்திரியே ஒரு பக்கம், சுமாராகத்தான் வரும், எழுதிவிடுங்களேன்!