மாசிப் பனியில் ரதியின் அழுகை

மாசி பிறந்துவிட்டால் மலையகத் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பகலில் வெயில், இரவில் எலும்பைக் குத்தும் பனி. மழை குறைந்த காலமாகையால் கொழுந்தும் குறைவு. வேலை சற்றே தளர்ந்திருக்கும் இந்த நாட்களில்தான் காமன் கூத்து நடைபெறுகிறது. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துக்கள். அவற்றுள் காமன் கூத்தை ஒரு முறையேனும் விடியும்வரை விழித்திருந்து பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை.

அந்த ஆசை 2023ஆம் ஆண்டுதான் கைகூடியது. தையல் வகுப்பொன்றில் பழக்கமான சிநேகிதி மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் வசிக்கிறாள். "அக்கா, இந்தத் தடவை கூத்து போயா நாளிலயே வருது. லீவு இல்லைன்னு சொல்ல ஏலாது" என்று தொலைபேசியில் உரிமையோடு அழைத்தாள். மார்ச் 6ஆம் திகதி, மெதின் போயா தினத்தன்று அதிகாலையில் கண்டியில் பஸ் ஏறினேன். நாவலப்பிட்டி, கினிகத்தேனை கடந்து ஹட்டன். அங்கிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியா. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களால் பஸ் நிரம்பி வழிந்தது. கடைசி மூன்று கிலோ மீற்றர் முச்சக்கரவண்டியில், தேயிலைச் செடிகளுக்கிடையே குலுங்கியபடி பயணம்.

காமன் ஊன்றிய திடல்

லயங்களுக்குக் கீழே, கோயிலுக்குப் பக்கத்தில் சிறிய திடல். அதன் நடுவே கரும்பும் ஆமணக்கும் சேர்த்து நட்டு, வைக்கோல் சுற்றி, வறட்டி வைத்துக் கட்டிய கம்பம் நின்றது. அதுதான் காமன். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் காமனை ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவு தோறும் பாட்டும் ஆட்டமும் நடக்கும். பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய இரவில் முழுக் கதையும் ஆடப்பட்டு, விடியற்காலையில் காமன் எரிக்கப்படுவான். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழுவான். தோட்டத்துக்குத் தோட்டம் சில வழக்கங்கள் மாறினாலும் அடிப்படை இதுதான்.

கதை நாம் அறிந்ததே. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கும்படி தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். கெட்ட கனவு கண்ட ரதி போக வேண்டாமெனத் தடுக்கிறாள். அவன் கேட்கவில்லை. மலர்க்கணை பாய்கிறது, நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடி அவனை மீட்கிறாள்.

தஞ்சாவூர், திருச்சி, மதுரை, சேலம் எனப் பல பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம்மோடு சுமந்து வந்த கதை இது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கென வரத் தொடங்கியவர்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். கோப்பி நோயுற்று அழிந்த பின் தேயிலை வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என அடுத்தடுத்து வந்து குடும்பங்களைப் பிரித்தன. பாட்டுக்காரர் கப்பலேறினார், தப்புக்காரர் இங்கே நின்றார். அப்படியிருந்தும் கூத்து நிற்கவில்லை என்பது எவ்வளவு பெரிய விடயம்!

வாசலுக்கு வந்த மணமக்கள்

மாலையில் ரதியும் மன்மதனும் மணக்கோலத்தில் லயம் லயமாக வந்தார்கள். மட்டையில் ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கிரீடம், தோளில் புஜக்கட்டை, மன்மதன் கையில் கரும்பு வில். முன்னால் தப்பு முழங்கியது. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டிருந்தார்கள். ஆலாத்தி எடுத்து, குழந்தைகளை ரதியின் கையில் கொடுத்து ஆசி வாங்கினார்கள்.

ரதியாக வந்தவர் 26 வயது வாலிபர். என்னை ஏற்றி வந்த முச்சக்கரவண்டியின் சாரதியே அவர்தான் என்பதை அறிந்து வியந்து போனேன்! பெண் வேடங்களையும் ஆண்களே போடுவது இங்கே வழக்கம். வேடமிடுவோர் காமன் ஊன்றிய நாளிலிருந்து விரதம் காக்கிறார்கள்.

அந்த நேரத்தில்தான் சிநேகிதியின் தாயாரைத் தேடினேன். காலையிலிருந்து ஓயாமல் வேலை செய்தவர் அவர். வாசலை மெழுகியவர் அவர், ஆலாத்தித் தட்டைத் துலக்கியவர் அவர், எல்லோருக்கும் அவல் பிசைந்தவரும் அவரே. ஆனால் மணமக்கள் வாசலுக்கு வந்தபோது குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றார். கணவர் இறந்து எட்டு வருடங்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, தானாகவே ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்க வேண்டுமென்று ஒருவரும் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது பழகிவிட்டிருக்கிறது. சகோதரிகளே, நம்மில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது?

விடியற்காலை அழுகை

இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய கூத்து ஓயவில்லை. சாக்கு விரித்து, போர்வைக்குள் மூன்று பேராக ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். சாயத்தண்ணிக் கேத்தல் கை மாறிக்கொண்டே இருந்தது. தூரத்தே சிவனொளிபாத மலையின் விளக்குகள் ஒரு மாலையைப் போல வானத்தில் தொங்கின. தூதன் வந்து சிரிக்க வைத்தான். நித்திரையான பிள்ளைகள் வீரபத்திரரின் சத்தத்தில் பதறி எழுந்தார்கள்.

அதிகாலை ஐந்து மணியளவில் சிவனாக இருந்தவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார். வைக்கோல் சடசடவெனப் பற்றியது. தப்பு ஒரு கணம் நின்று, பிறகு சாவு மேளமாக மாறியது. ரதி பூவைப் பிய்த்தெறிந்து, மார்பில் அடித்துக்கொண்டு, எரியும் காமனைச் சுற்றி அழத் தொடங்கினாள். அதுவரை பார்வையாளராக இருந்த பெண்கள் எழுந்து போய் ரதியைச் சூழ்ந்துகொண்டு, தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மேலாக ஒரு குரல் எழுந்தது. சிநேகிதியின் தாயாருடைய குரல்! மாலையில் கதவுக்குப் பின்னால் நின்றவர், இப்போது ரதியின் கையைப் பிடித்தபடி முன்னால் நின்றார். அவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

வேடம் கலைத்த பின் அந்த வாலிபரிடம், "இப்படி அழ எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டேன். "மாஸ்டர் பாட்டுத்தான் சொல்லித் தந்தாரு. அழுகைய யாரும் சொல்லித் தரல்ல. எங்க தாத்தா செத்தப்ப அப்பாயி அழுதாங்க. அதக் கேட்டுத்தான்" என்றார்.

அந்தப் பதில் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. வேடம் ஆணுடையது, மேடை ஆணுடையது, மாஸ்டரும் ஆண்தான். ஆனால் இந்தக் கூத்தின் உயிராகிய அழுகை பெண்களிடமிருந்து வந்தது. அதைக் கொடுத்தவளுக்கு அழும் நேரத்தில் மட்டும் முன்வரிசை; மங்கல நேரத்தில் கதவு மறைவு. இது எந்த விதத்தில் நியாயம்?

வீடு திரும்பியதும் தாயார் ரொட்டி தட்டியபடியே சொன்னார்: "ரதிக்கு மூணாம் நாள் புருசன் எந்திரிச்சு வந்துர்றாரு. திரும்பப் பூ வைக்கிறாங்க, பொட்டு வைக்கிறாங்க. நமக்கு அப்படியா? காரியம் முடிஞ்ச மறுநாளு கூடையைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போனேன். அழுவக்கூட நேரமில்ல. வருசத்துல இந்த ஒரு ராத்திரிதான் வாய் விட்டு அழுவுறது." சொல்லிவிட்டுப் படங்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட்டார். இரவு முழுவதும் அழுத பெண்கள் பலர் அதேபோல் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

புறப்படும் முன் சிநேகிதியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். "தாலியறுத்த ரதியை நீங்கள் தெய்வம் என்று கும்பிடுகிறீர்கள். உன் அம்மா மட்டும் ஏன் குசினிக்குள் நிற்க வேண்டும்?" அவள் பதில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரவு தொலைபேசி ஒலித்தது. அன்று காமன் உயிர்த்தெழும் நாள். மன்மதனும் ரதியும் மீண்டும் லயங்களுக்கு வந்தபோது, அவள் ஆலாத்தித் தட்டைத் தன் தாயாரின் கையில் கொடுத்திருக்கிறாள். "அம்மா மாட்டேன்னுதான் நின்னாங்க அக்கா. மாஸ்டர்தான், 'ரதியோட சேர்ந்து அழுதவங்கதானே, எடுக்கட்டும்'னு சொன்னாரு. பக்கத்து வீட்டு மாமி முகத்தச் சுழிச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. அம்மா கை நடுங்கி, காத்துல சூடம் ஒரு தடவ அணைஞ்சும் போச்சு. திரும்பப் பத்த வச்சோம்."

ஒரு தோட்டத்தில், ஒரு வாசலில் நடந்த சிறிய காரியம்தான். ஆனாலும் அணைந்த சூடத்தை மீண்டும் பற்ற வைத்தார்களே, அது எனக்குப் போதும். வரும் மாசியில் உங்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். கூத்தைப் பாருங்கள். கூடவே, கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் பாருங்கள்.