உணவுப் பெட்டியும் இசைத்தட்டும்

கலைஞனுக்குக் கலையே பிழைப்பாகவும் அமைந்துவிடுதல் பெரும் பேறு என்பது பொதுவான எண்ணம். அப்பேறு கிட்டாத நிலையே ஒருவரது கலைக்கு அரணாக அமைந்ததும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினப் பாடகர் பில் விதர்ஸ் 1971 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதற்குச் சான்றாகும். 'நான் உள்ளவாறே' எனப் பொருள்படும் 'ஜஸ்ட் அஸ் ஐ ஆம்' என்பது அதன் பெயர். அதன் உறையிலே, கையில் உணவுப் பெட்டியுடன் தொழிலாளி ஒருவர் நிற்கிறார். மதிய இடைவேளையில், அவர் பணிபுரிந்த தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்ட படம் அது.

விதர்ஸ் 1938 இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியொன்றிற் பிறந்தவர். பேச்சிலே திக்கல் உடையவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். ஒன்பது ஆண்டுகள் கடற்படையிற் பணியாற்றியபின் 1967 இல் லொஸ் ஏஞ்சலிசுக்கு வந்தார். விமானங்களுக்குரிய கழிவறைப் பகுதிகளைச் செய்யும் வேலை கிடைத்தது. அடகுக் கடையில் வாங்கிய கிற்றாரில் தாமே பயின்று, சம்பளத்தில் மிச்சம்பிடித்துத் தம் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். கிளாரன்ஸ் அவண்ட் என்பாரின் 'சசெக்ஸ்' என்னும் சிறிய நிறுவனமே அவரை ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

தேவாலயப் பாடல் மரபிலும் 'புளூஸ்' மரபிலும் வேர்கொண்டது 'சோல்' இசை. அக்காலத்தில் அது ஊதுகருவிகளின் முழக்கத்தோடும் மேடை ஆரவாரத்தோடும் பெரிதும் இணைந்திருந்தது. விதர்ஸின் தட்டிலோ மின்விசையேற்றாத கிற்றாரும் தாழ்ந்த குரலுமே முன்னிற்கின்றன. தயாரிப்பாளரான புக்கர் ரீ. ஜோன்ஸ் ஏனைய கருவிகளை அக்குரலுக்கு அடங்கியே ஒலிக்கச் செய்தார். 'எயின்ற் நோ சன்ஷைன்' என்ற பாடலில் இரு சொற்கள் 26 முறை தொடர்ந்து வருகின்றன. அவ்விடத்தில் வேறு வரிகளை எழுதவே விதர்ஸ் எண்ணியிருந்தார். உடனிருந்த அனுபவமிக்க கலைஞர்கள் அவ்வாறே விடுமாறு கூறினர், அவரும் இசைந்தார். சொல் தீர்ந்த இடத்தில் துயரம் தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதுபோல அப்பகுதி அமைந்துவிட்டது. சிறு தட்டின் மறுபக்கத்தில் வெளிவந்த அப்பாடலை வானொலி அறிவிப்பாளர்கள் விரும்பி ஒலிபரப்பினர். 1972 இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

இசைத்தட்டு வெளிவந்த வேளையிலும் விதர்ஸ் தொழிற்சாலை வேலையை உடனே விடவில்லை. இசைவணிகம் நிலையற்றது என்பதை அவர் அறிந்திருந்தார். உணவுக்குப் பாட்டை நம்பியிராதவன், பிறர் விருப்பத்துக்காகப் பாட்டை மாற்றவேண்டியதில்லை. அந்த விடுதலையே அத்தட்டின் ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது. பாட்டியின் கைகளைப் பற்றி ஒரு பாடலை எழுதுவதற்கு எந்தச் சந்தையும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

1975 இல் சசெக்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் அவர் சேர்ந்த பெரிய நிறுவனத்தில், எதைப் பாடுவது என்பதிலேயே கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 1985 இல் வெளியான தொகுப்பின்பின் 2020 இல் மறையும்வரை, 35 ஆண்டுகள் அவர் புதிய தொகுப்பெதனையும் வெளியிடவில்லை. இதனைத் தோல்வி என்பாரும் உளர். இழப்பு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எழுதப்படாத பாடல்கள் எத்தனையோ. ஆயினும் பாடுவதைப் போலவே பாடாதிருப்பதையும் தானே தீர்மானிக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு ஒரு விலையும் உண்டு. தொடக்கத்தில் அதனைத் தொழிற்சாலை உழைப்பாகவும், பின்னர் மௌனமாகவும் விதர்ஸ் செலுத்தினார்.