இடமில்லை என்று சொன்ன மெஷின்

"செல்லுபடியான ஹோஸ்ட் எதுவும் கிடைக்கவில்லை."

ஓப்பன்ஸ்டாக்கோடு மல்லுக்கட்டின யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஆங்கிலத்தில் அப்படியே ஒப்புவிப்பார்கள். ஒரு மெய்நிகர் கணினியை, அதுதான் வி.எம். ஒன்றை, உருவாக்கச் சொல்லுவோம். அது கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு சிவப்பில் 'எரர்' என்று போட்டு இந்த ஒரு வரியைத் தரும். ஏன் கிடைக்கவில்லை, எங்கே தேடியது, எதால் கழித்துவிட்டது என்று ஒன்றும் சொல்லாது. 2022இன் கடைசி மாதங்களில் நான் சாப்பிட்டதை விட இந்த வசனத்தை வாசித்ததுதான் கூட.

கதை இப்படித் தொடங்கியது. எங்கட கம்பஸ் லாப்பில் ஒதுக்கிப் போட்டிருந்த 3 கொம்பியூட்டர்கள் இருந்தன. அந்த வருசம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறி, லாப்டொப் விலை எங்கட வீடுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. இரண்டாம் வருசப் பிள்ளைகள் 20 பேருக்கு டேட்டாபேஸ் பிரக்டிக்கல். அதில் பாதிப் பேரிடம் லாப்டொப் இல்லை, இருந்தவர்களின் லாப்டொப்பிலும் வேலைக்குத் தேவையானதை ஏற்ற முடியாது. இந்த 3 மெஷினையும் ஒன்றாகக் கட்டி ஒரு சின்னத் தனியார் கிளவுட் செய்தால், ஆளுக்கொரு வி.எம். கொடுக்கலாம், போனிலிருந்துகூட உள்ளே போகலாம் என்பது என்ர இறுதி வருட ப்ரொஜெக்ட்.

ஓப்பன்ஸ்டாக் 2010இல் நாசாவும் ரக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கின திறந்த மூல மென்பொருள். காசு கட்டத் தேவையில்லை. வெளியீடுகளுக்கு ஆங்கில அகர வரிசையில் பெயர் வைப்பார்கள். நான் போட்டது 2022 மார்ச்சில் வந்த 'யோகா'. பெயரைப் பார்த்து மனம் அமைதியாகும் என்று நினைத்தேன்.

ஒரு மெஷின் கட்டுப்பாட்டுக்கு. மற்ற இரண்டும், ஒவ்வொன்றிலும் 16 ஜிபி ரேம், வி.எம்.களைத் தாங்குவதற்கு. அவற்றை இங்கே 'அ', 'ஆ' என்று சொல்லுகிறேன்.

முதல் கிழமை முழுக்க அந்த ஒரே வசனம்தான். சேவைகள் எல்லாம் ஓடுது, பட்டியலில் பச்சையாகத் தெரியுது, ஆனால் இடமில்லையாம். கடைசியில் பார்த்தால், புது மெஷினை நிறுவினால் மட்டும் போதாது, 'டிஸ்கவர் ஹோஸ்ட்ஸ்' என்ற கட்டளையை ஒருதரம் ஓட்டி அதைப் பதிய வேண்டும். பதியாத வரைக்கும் ஷெடியூலரின் கண்ணுக்கு அந்த மெஷினே இல்லை. வீடு கட்டிக் குடிபோயும் கிராம சேவகரிடம் பதியாத குடும்பம் மாதிரி.

இரண்டாம் கிழமை வி.எம். வந்தது, ஆனால் நத்தை வேகம். லொகின் திரை வர ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். நிறுவல் வழிகாட்டியில், 'உங்கட சிபியுவில் மெய்நிகராக்க வசதி இல்லையென்றால் கியூஈஎம்யு என்று மாற்றுங்கள்' என்றிருந்தது. நானும் சோதித்துப் பார்த்து, பூச்சியம் வந்ததால் மாற்றியிருந்தேன். உண்மையில் சிபியுவில் வசதி இருந்தது. பயோஸில் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். உள்ளே போய் அதைத் தட்டிவிட்டு, கேவிஎம்முக்கு மாற்றினதும் பறந்தது.

இவை இரண்டும் சும்மா தலையிடிகள். மூன்றாவதுதான் நான் எழுத வந்தது.

அந்த நாளில் கரண்ட் கட் எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை வரும். நாங்கள் அதைப் பார்த்துத்தான் மெஷின்களை அணைப்பம். ஒருநாள் மறந்துபோனேன். யூபிஎஸ்ஸின் பட்டரி செத்துப் பல காலம். கரண்ட் போகேக்க 'அ' மெஷினில் என்னுடைய 6 சோதனை வி.எம்.கள், ஒவ்வொன்றும் 2 ஜிபி, ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் வந்த பிறகு அவற்றை அழிக்கப் பார்த்தால் 'அழித்துக்கொண்டிருக்கிறது' என்று நின்றன. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம், அடுத்த நாள் காலமை வரைக்கும் அப்படியே நின்றன.

இதற்கு ஒழுங்கான வழி இருக்கு. வி.எம்.இன் நிலையைக் கட்டளையால் மீட்டமைத்துவிட்டு, திரும்ப அழிக்கச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளப் பொறுமையும் இல்லை. நேரே நோவாவின் டேட்டாபேஸுக்குள் போய், அந்த 6 வரியையும் நானே அழித்துவிட்டேன். திரையிலிருந்து மறைந்துவிட்டன. பெரிய ஆள் மாதிரி இருந்தது எனக்கு.

இங்கே கொஞ்சம் நின்று, ஷெடியூலர் எப்படி வேலை செய்யுது என்று சொல்ல வேண்டும். கம்பஸ் போர்டிங் ஒன்றை நினையுங்கோ. போர்டிங் அன்ரியிடம் ஒரு கொப்பி இருக்கும். எந்த அறையில் எத்தனை கட்டில், யாருக்குக் கொடுத்தது என்று அதில் எழுதியிருப்பா. புதுப் பிள்ளை வந்தால், அறைக்குள் எட்டிப் பார்க்கமாட்டா, முதலில் கொப்பியைத்தான் பார்ப்பா. ஓப்பன்ஸ்டாக்கில் அந்தக் கொப்பியின் பெயர் பிளேஸ்மன்ட். ஷெடியூலர் முதலில் பிளேஸ்மன்ட்டிடம் 'இவ்வளவு சிபியு, இவ்வளவு ரேம், இவ்வளவு டிஸ்க், எங்கே இருக்கு?' என்று கேட்கும். அது தரும் பட்டியலை வடிகட்டிகளால் கழிக்கும்: மெஷின் உயிரோடு இருக்கா, இந்த வகை இமேஜை அதில் ஓட்டலாமா என்று. மிஞ்சினதை எடைபோட்டு, ரேம் கூட மிச்சமிருக்கும் மெஷினுக்கு முன்னுரிமை கொடுக்கும். கொப்பியிலேயே இடமில்லை என்றால் மற்றப் படிகளுக்குப் போகவே போகாது.

இன்னொன்று. 16 ஜிபி மெஷினில் 16 ஜிபிக்கு மேலேயும் கொடுக்கலாம். எங்கட வெளியீட்டில் ரேமுக்கான இயல்பான விகிதம் 1.5. எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கட பங்கு முழுவதையும் பாவிக்கமாட்டினம் என்ற நம்பிக்கை அது. 10 கட்டில் உள்ள போர்டிங்கில், 'வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போயிடுவினம்தானே' என்று 15 பேரைச் சேர்க்கிற கணக்கு. மெஷினுக்கென்று கொஞ்ச ரேமை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை 1.5ஆல் பெருக்கினால் சுமார் 23 ஜிபி. அதாவது ஒரு மெஷினில் 2 ஜிபி வி.எம். 11, இரண்டிலும் சேர்த்து 22. எனக்குத் தேவை 20. கணக்கு வடிவாகப் பொருந்தியது.

பிரக்டிக்கலுக்கு முதல் நாள் இரவு 20ஐயும் உருவாக்கத் தொடங்கினேன். 16 வந்தது. 17ஆவதில் அதே வசனம்: செல்லுபடியான ஹோஸ்ட் எதுவும் கிடைக்கவில்லை.

பட்டியலைப் பார்த்தேன். 'அ'வில் 5, 'ஆ'வில் 11. 'அ'வில் ஏன் 5தான்? இந்தக் கேள்வியை நான் அந்த இரவு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'அ' பழைய மெஷின், அதில் ஏதோ பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'ஆ'வின் கோப்பைத் திறந்து ரேம் விகிதத்தை 1.5இலிருந்து 3 ஆக்கினேன். சேவையைத் திரும்பத் தொடக்கினேன். மிச்ச 4உம் 'ஆ'வில் டக்கென்று வந்துவிட்டன. இரவு 1 மணி. நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் பிரக்டிக்கல் தொடங்கி 40 நிமிடம் நல்லாகத்தான் போனது. பிறகு எல்லாரும் ஒரே பயிற்சிக்கு வந்து, ஒரே நேரத்தில் பெரிய தரவுக் கோப்பை ஏற்றத் தொடங்கினார்கள். 'ஆ'வில் 15 வி.எம். 15 பேருக்கும் 2 ஜிபிப்படி நான் வாக்குக் கொடுத்தது 30 ஜிபி. உண்மையில் இருந்தது 16. லினக்ஸில் ரேம் முழுதாக முடிந்தால் கேர்னல் ஒரு முடிவெடுக்கும்: கூட ரேம் பிடித்திருக்கிற புரொசெஸ் ஒன்றைத் தேடிக் கொன்றுவிடும். மெஷினின் கண்ணுக்கு வி.எம். என்பதும் இன்னொரு புரொசெஸ்தான். அதற்குள்ளே ஒரு பிள்ளை இருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கேர்னலுக்குத் தெரியாது.

பின் வரிசையில் போனில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தங்கச்சியின் திரை அப்படியே நின்றது. எழுதின விடைகளை அவள் இன்னும் சேமிக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் அவள் முதலில் கேட்டது இதுதான்:

"அக்கா, நான் ஏதாவது பிழையாச் செய்து போட்டனோ?"

போனைக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றி இருக்கிறவை பார்க்கினமோ என்று பார்த்தபடிதான் கேட்டாள். லாப்டொப் இல்லாமல் வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஏற்கெனவே கூச்சத்தோடு இருந்திருப்பாள். நான் "இல்லையம்மா, சேர்வர் கொஞ்சம் ஸ்லோ" என்று சொன்னேன். அது பொய். சேர்வர் ஸ்லோ இல்லை. இல்லாத இடத்தை நான் இருக்கென்று சொல்லியிருந்தேன்.

அன்று பின்னேரம் லாப்பைப் பூட்டாமல் இருந்து, முதல் தடவையாக லொக்கை ஒழுங்காக வாசித்தேன். திரையில் வரும் ஒற்றை வரி பயனருக்கானது. ஷெடியூலரின் லொக்கில் வேறொன்று இருந்தது: பிளேஸ்மன்ட்டிடமிருந்து ஒரு தெரிவும் வரவில்லை, வளம் போதாமல் இருக்கலாம் என்று. அப்படியென்றால் வடிகட்டிகளில் பிரச்சினை இல்லை. கொப்பியில்தான் பிரச்சினை. 'அ'வின் கணக்கைக் கேட்டேன். 22 ஜிபி கொடுத்தாச்சு என்றது. 5 வி.எம்.தானே இருக்கு, 10 ஜிபிதானே வரவேண்டும்?

யார் யாருக்குக் கொடுத்தது என்று பட்டியல் எடுத்தேன். 11 அடையாள எண்கள் வந்தன. 5 உயிரோடு இருப்பவை. மிச்ச 6?

கரண்ட் கட் அன்று நான் 'அழித்த' அதே 6. நோவாவின் டேட்டாபேஸிலிருந்துதான் அவற்றை அழித்திருந்தேன். பிளேஸ்மன்ட் தனி டேட்டாபேஸ். அதற்கு ஒருத்தரும் சொல்லவில்லை. போர்டிங்கை விட்டுப் போன 6 பேரின் பெயரும் கொப்பியில் அப்படியே இருந்தது. கட்டில்கள் வெறுமையாகக் கிடக்க, அன்ரி 'இடமில்லை பிள்ளை' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தா. நானோ பக்கத்து அறையில் ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நித்திரைக்குப் போயிருந்தேன்.

அநாதையாக நிற்கும் இப்படியான ஒதுக்கீடுகளைத் தேட 'பிளேஸ்மன்ட் ஓடிட்' என்று ஒரு கட்டளையே இருக்கு. நான் 6 எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒவ்வொன்றாக நீக்கினேன். 'ஆ'வின் விகிதத்தைத் திரும்ப 1.5 ஆக்கினேன். அதிலிருந்த 5 வி.எம்.களை அழித்துத் திரும்ப உருவாக்கினதும் அவை 'அ'வுக்குப் போய்விட்டன. அதற்கு முதல், அந்த 5 பேரிடமும் கேட்டு அவர்களின் கோப்புகளைப் பிரதி எடுத்தேன். இங்கே 10, அங்கே 10. இவ்வளவு காலமும் இடம் இருந்தது.

இதே பிரச்சினை உங்களுக்கும் வந்தால், இந்த வரிசையில் பாருங்கோ. சேவை உயிரோடு இருக்கா? மெஷின் பதிந்திருக்கா? ஷெடியூலர் லொக் எந்தப் படியில் கைவிரிக்குது? கொப்பியின் கணக்கும் உண்மையில் ஓடுற வி.எம்.களின் கணக்கும் ஒத்துப்போகுதா? இந்த நாலுக்கும் பதில் தெரியும் வரைக்கும் விகிதத்தில் கை வைக்காதேங்கோ. எண்ணைக் கூட்டினால் எரர் போய்விடும், ரேம் கூடாது.

ஆனால் எனக்குள் நின்றது வேறு. 'அ'வில் 5தான் இருக்கு என்று அந்த இரவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் என்று கேட்காமல் விட்டேன். அந்தக் கேள்வி அடுத்த நாள் வேறொருத்தியிடம் போய், "நான் பிழை செய்து போட்டனோ" என்று திரும்பி வந்தது. நாங்கள் மூடி மறைக்கிற பிழை பெரும்பாலும் எங்களில் விழாது. வரிசையில் கடைசியாக இருக்கிறவரில்தான் விழும்.

மற்றக் கிழமை பிரக்டிக்கலுக்கு முன்னுக்கே அவளைத் தேடிப் போனேன். "அண்டைக்கு நின்றது உன்ர பிழையில்லை, என்ர பிழை" என்று சொல்லி, நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிரக்டிக்கல் பொறுப்பாளரிடமும் சொல்லி, அவளுக்குத் திரும்பச் செய்ய நேரம் வாங்கினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

"அக்கா, அந்த லொக்கை எனக்கும் ஒருக்கா காட்டுவீங்களே?" என்றாள்.

காட்டினேன். அதற்குப் பிறகு, கரண்ட் கட் அட்டவணை வந்தவுடன் மெஷின்களை ஒழுங்காக அணைக்கச் சொல்லி எனக்கு மெசேஜ் போடுகிறவள் அவள்தான். நான் வெளிக்கிடும்போது கட்டுப்பாட்டு மெஷினின் சாவியையும் கடவுச்சொல்லையும் அவளிடம்தான் கொடுத்தேன். மெஷினின் முன்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும், என்ர கையெழுத்தில்: 'டேட்டாபேஸில் நேரே கை வைக்க வேண்டாம்.' கீழே அவளின் கையெழுத்தில் இன்னொரு வரி: 'வைத்தால் சொல்லவும்.'