அப்பாயி வச்ச செடி

பரம்பரைச் சொத்துன்னு சொல்லிக்க எங்க குடும்பத்துல நிலம் நீச்சு எதுவும் கிடையாது. கும்பகோணத்துல ஒரு பழைய வீடு, அதுலயும் சித்தப்பாக்களுக்குப் பங்கு. பங்கு பிரிக்க முடியாம எல்லாருக்கும் முழுசாக் கிடைச்சது ஒண்ணே ஒண்ணுதான். முத்தத்து ஓரத்துல, காரை பேந்த ஒரு தொட்டியில இருந்த பிரம்ம கமலம்.

1956ல எங்க அப்பாயி திருவையாத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரும்போது ஒரே ஒரு இலையை மஞ்சப்பையில போட்டுக் கொண்டுவந்தாங்களாம். அந்த ஒத்தை இலைதான் நான் பார்க்கும்போது ஆள் உயரத்துக்கு நின்னுது. வருஷத்துல ரெண்டு மூணு ராத்திரிதான் பூக்கும். மொட்டு தலை தூக்குற அன்னிக்கே தெருவுக்குத் தகவல் போயிடும். ஒன்பது மணிக்கு இதழ் விரிய ஆரம்பிச்சு, நடுராத்திரியில முழுசா மலர்ந்து, விடியறதுக்குள்ள துவண்டு தொங்கிடும். உள்ளே ஆதிசேஷன் படம் எடுக்கிறார், பெருமாள் படுத்திருக்கார்னு பெரியவங்க காட்டுவாங்க. எங்களுக்கு அன்னிக்கு நடுராத்திரி வரைக்கும் முழிச்சிருக்கலாம்ங்கிறதுதான் பெரிய விஷயம். சரி, கொசுவத்தி சுத்தினது போதும், விஷயத்துக்கு வர்றேன்.

இந்தச் செடி நம்ம ஊருதே இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளி வகை. எபிஃபில்லம்னு பேரு. கேரளாவுல நிஷாகந்தி, இலங்கையில கடுபுல். நாம இலைன்னு சொல்றதும் இலை இல்லை, தட்டையான தண்டு. அதனாலதான் அதை வெட்டி நட்டா வேர் விடுது, அதோட ஓரத்துலேர்ந்தே மொட்டும் வருது. இதுல எனக்குப் பிடிச்ச ஒரு சங்கதி இருக்கு. விதை போட்டு வளர்த்தா அது பிள்ளை. இலை வெட்டி வச்சா அது பிள்ளை இல்லை, அதே செடி. அப்படிப் பார்த்தா, அப்பாயி யார் யாருக்கோ கிள்ளிக் குடுத்த எல்லாமே ஒரே செடிதான். வேற வேற ஊர்ல நின்னுக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

உலகத்துலயே வயசான தொட்டிச் செடின்னு லண்டன் கியூ தோட்டத்துல இருக்கிற ஒண்ணைச் சொல்றாங்க. தென்னாப்பிரிக்காவிலேர்ந்து பிரான்சிஸ் மாசன் 1775ல கொண்டுவந்த சைக்காட் அது. எடை ஒரு டன்னுக்கு மேல. ஆனா அதைப் பார்த்துக்க ஒரு கண்ணாடி மாளிகையும் தோட்டக்காரங்களும் இருக்காங்க. நம்மள மாதிரி ட்ரான்ஸ்ஃபர்ல ஊர் ஊராப் போறவங்களுக்கு அந்த வழி சரிப்படாது.

நமக்குச் சரிப்படற கதை இன்னொண்ணு. பைலியான்னு வட்ட இலைச் செடி, இப்போ நர்சரியில எல்லாம் கிடைக்குது. 1940கள்ல சீனாவிலேர்ந்து இந்தியா வழியா ஊர் திரும்பின எஸ்பெக்ரென்ங்கிற நார்வே பாதிரியார் அதைக் கூடவே எடுத்துட்டுப் போனார். போன இடமெல்லாம் பக்கக் கன்றைப் பிரிச்சுக் குடுத்தார். வாங்கினவங்க அடுத்தவங்களுக்குக் குடுத்தாங்க. கடையில விக்காமலேயே ஸ்காண்டிநேவியா முழுக்க ஜன்னல் ஜன்னலாப் பரவிடுச்சு. தாவரவியல்காரங்க இது என்ன செடின்னு கண்டுபிடிக்கிறதுக்கே பல வருஷம் ஆச்சு.

இப்போ எங்க கதை. 2018ல அப்பா போனார். அடுத்த வருஷம் வீட்டை வித்தோம். அம்மா என்கூட டில்லிக்கு வர சம்மதிச்சாங்க, ஆனா பெட்டியில புடவையை விட முக்கியமா ரெண்டு இலை. சென்னையிலேர்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். வெட்டின இலையை உடனே நட்டா அழுகிடும், வெட்டுவாய் நாலு நாள் காயணும். பயணத்துலயே பாதி காய்ஞ்சுடுச்சு. மயூர் விஹார் வீட்டு பால்கனியில நட்டோம், வேரும் விட்டுச்சு. அம்மா காலையில காபி டம்ளரோட அது பக்கத்துல உட்காருவாங்க. அந்த வீட்டுல அவங்களுக்கு முன்னாலயே தெரிஞ்ச முகம் அது ஒண்ணுதானே.

2019 டிசம்பர் டில்லிக் குளிரை அங்கே இருந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க. ஹால்ல ஹீட்டர் பக்கமா வச்சும் பலன் இல்லை. தண்டு கண்ணாடி மாதிரி ஆகி, ஜனவரியில கொழகொழன்னு சரிஞ்சுடுச்சு. கும்பகோணத்துக்குப் போன் போட்டா, வாங்கினவங்க வீட்டை இடிச்சு அஸ்திவாரம் தோண்டியாச்சுன்னு சொன்னாங்க. அம்மா ஒண்ணும் சொல்லலை. அந்தத் தொட்டியை மட்டும் யாரையும் எடுக்க விடலை.

லாக்டவுன் வந்துச்சு. ஒரு நாள் அம்மா பழைய டெலிபோன் டைரியை எடுத்துட்டு உட்கார்ந்தாங்க. "தம்பி, இந்த நம்பரையெல்லாம் போட்டுக் குடு. யார் யாருக்கு இலை குடுத்தேனோ கேட்டுப் பார்க்கிறேன்." பதினோரு வீடு. சித்தி வீட்டுது, ஃப்ளாட் கட்டும்போது போச்சு. சென்னைப் பெரியம்மா மகன் வீட்டுது, 2015 வெள்ளத்துல போச்சு. திருச்சி அத்தை வீட்டுல, கள்ளி வகை வீட்டுக்கு ஆகாதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டுத் தூக்கிப் போட்டுட்டாங்க. மூணு நம்பர் உபயோகத்துலயே இல்லை. சொந்தக்காரங்க பட்டியல் அத்தோட முடிஞ்சுது.

கடைசியா, எங்க எதிர் வீட்டுல வாடகைக்கு இருந்த போஸ்ட் மாஸ்டர் வீட்டு அக்கா. 1994ல பையன் வேலைக்காக நாக்பூர் போனவங்க. சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. போன் எடுத்ததும் அம்மா பேரைச் சொல்லக்கூட விடலை. "அக்கா, உங்க செடி போன வாரம்தான் பதினாலு பூ பூத்துச்சு!"ன்னாங்க. வாட்சப்ல போட்டோ வந்துச்சு. பூ பின்னாடி தெரிஞ்ச சுவத்துல மராத்தி காலண்டர். அம்மா அதை ரொம்ப நேரம் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. அப்பா போனதுக்கப்புறம் அவங்க அழுது நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

2021 பிப்ரவரியில கூரியர் வந்துச்சு. மராத்திப் பேப்பர்ல சுத்தின மூணு இலை. அதே தொட்டியில வச்சோம். குளிர் காலத்துல தண்ணியைக் குறைச்சு உள்ளே, கோடையில நேர் வெயில் படாம துணி மறைப்புல. பூக்க மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. 2024 ஜூலையில முதல் பூ. கும்பகோணத்து வழக்கப்படி மாடி முழுக்கச் சொல்லி அனுப்பினோம். மேல் வீட்டு கட்வாலி ஆன்ட்டி பார்த்துட்டு, "யஹ் பிரம்ம கமல் நஹீ ஹை"ன்னு கறாராச் சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். நிஜப் பிரம்ம கமலம் இமயமலைச் செடி, உத்தராகண்டோட மாநிலப் பூ, கேதார்நாத்துல சாமிக்கு வைக்கிறது. ஆனா பேரை ஒத்துக்காத அந்த ஆன்ட்டிதான் போகும்போது ஒரு இலை கேட்டு வாங்கிட்டுப் போனாங்க :-)

"நாம பூட்டி வச்சிருந்தா என்னிக்கோ அத்துப் போயிருக்கும். குடுத்தது நின்னுச்சு"ன்னு தங்கமணிகிட்ட அம்மா சொல்லிட்டு இருந்தாங்க. மாமியார் மருமக ஒத்துப்போற அபூர்வ விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

இப்போ அடுத்த சிக்கல். பொண்ணுக்கு ஜெர்மனியில மேல்படிப்பு. பாட்டி ஒரு இலை குடுத்து அனுப்பியே தீரணும்னாங்க. முடியாது. 2019 டிசம்பர் 14லேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள செடி எது கொண்டுபோனாலும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேணும். அன்னாசி, தேங்காய், டூரியன், வாழைப்பழம், பேரீச்சை மாதிரி சில பழங்களுக்குத்தான் விலக்கு. பூச்சியும் நோயும் கூடவே போயிடக் கூடாதுன்னு போட்ட சட்டம், தப்புச் சொல்ல முடியாது.

அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அங்கேயும் யார் வீட்டு ஜன்னல்லயாவது இருக்கும் பாப்பா. வெக்கப்படாம கேட்டு வாங்கிக்க. வாங்கினதோட நிறுத்திடாத, நீயும் நாலு பேருக்குக் கிள்ளிக் குடு. திரும்பிக் கேக்க ஆள் வேணும்ல."

நம்மள்ல பல பேருக்கு ஊர்ல இப்போ வீடு இல்லை. செடியாவது இருக்கான்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. உங்க வீட்டுது செம்பருத்தியா, கற்பூரவல்லியா, வேற ஏதாவதா? யாருக்குக் குடுத்தீங்க, யார்கிட்ட இன்னும் இருக்குன்னும் சொல்லுங்க. டில்லி பக்கம் இருக்கிறவங்களுக்கு எங்க வீட்டுல இலை தயாரா இருக்கு. மழைக்காலத்துல வாங்க.